மழைவனம் (ராபின் ஹாப் நாவல்கள்)

மழைவனம் என்பது அமெரிக்க எழுத்தாளர் ராபின் ஹாப் தம் மிகுபுனைவு நாவல்களில் படைத்த கற்பனை நிலப்பகுதி. 'லிவ்ஷிப் டிரேடர்ஸ்' முத்தொகுதியில் (1998–2000) அறிமுகமாகி, 'ரெயின் வைல்ட்ஸ்' வரிசையின் நான்கு நாவல்களில் (2009–2013) முதன்மைக் களமாகிறது.

இவ்வனத்தில் காலூன்றத் தரை அரிது, எங்கும் சதுப்பு. ஆற்றுநீர் அமிலத்தன்மை கொண்டது. தோலைப் புண்ணாக்கும், சாதாரண மரப்படகை அரித்துவிடும். நிலநடுக்கத்துக்குப் பின் ஆறு வெளுத்து ஓடும்போது கடுமை இன்னும் கூடும். ஆகவே மக்கள் பெருமரங்களின் மேல் ட்ரெஹாக் என்ற நகரை அமைத்து வாழ்கிறார்கள். அங்கே உயரத்தில் இருப்பது உயர்வல்ல. ஏழைகள்தான் உச்சிக் கிளைகளில் ஆடும் வீடுகளில் இருப்பவர்கள்.

இத்தனை இடரிலும் அங்கே தங்குவதற்குக் காரணம், புதையுண்ட பழைய நகரில் கிடைக்கும் மந்திரமரம். அதில் கட்டிய கப்பலை அமில ஆறு அரிப்பதில்லை. உரிமைக் குடும்பத்தின் மூன்று தலைமுறையினர் அதன் தளத்தில் உயிர்விட்டால் கப்பலும் உயிர்பெற்று, முகப்புச் சிற்பத்தின் வாயால் பேசும். அந்த மரக்கட்டைகள் உண்மையில் டிராகன்களின் கூடுகள் என்பது பின்னரே தெரியவருகிறது. உள்ளிருந்த உயிரைத் தரையில் கொட்டிவிட்டுப் பலகை அறுத்திருக்கிறார்கள். நாம் நேசித்த வெஸ்ட்ரிட் குடும்பத்தின் செல்வமும் அப்படி வந்ததே. குற்றத்தை ஒரு வில்லனின் தலையில் கட்டாமல், நல்லவர்களின் பிழைப்புக்குள் வைத்ததே ஹாப்பின் சாதனை. முத்தொகுதியின் பலம் இங்கேதான் இருக்கிறது.

பிந்தைய நான்கு நாவல்களைப் பற்றி அப்படிச் சொல்ல இயலவில்லை. மழைவனம் தன் மக்களின் உடலையும் மாற்றுகிறது. செதில், மரு, நகம். மிகுதியான மாற்றத்தோடு பிறக்கும் குழந்தையைச் சாகவிடுவது அங்குள்ள வழக்கம். நகங்களோடு பிறந்த தைமாராவைத் தந்தை மீட்டு வளர்க்கிறார். தொடக்க அத்தியாயங்கள் மனத்தைப் பிசைகின்றன. பிறகு டிராகன்கள் தம்மைப் பேணும் இளைஞர்களை அழகிய எல்டர்லிங்குகளாக வடிவமைக்கின்றன. தைமாராவுக்குச் சிறகும் முளைக்கிறது. அழகானதால்தான் அவள் வாழத் தகுந்தவள் ஆனாளா? பல ஆண்டுகள் வகுப்பறையில் எல்லாவிதப் பிள்ளைகளையும் பார்த்தவர்களுக்கு இது உறுத்தும். கதை கெல்சிங்ரா நகரை அடைந்ததும் வனமும் பின்னால் போய்விடுகிறது.

விதிவிலக்கு ஒன்று உண்டு. அத்தியாயங்களுக்கிடையே, செய்திப் புறாக்களைப் பராமரிக்கும் எரெக்கும் டெடோசியும் அலுவல் கடிதங்களோடு சேர்த்து எழுதிக்கொள்ளும் குறிப்புகள். இளமை கடந்த இருவர். பேச்சு பெரும்பாலும் பறவைகளின் நலம் பற்றி. அது மெல்லக் காதலாகித் திருமணத்துக்குப் போகிறது. அவர்களை அழகாக்க எந்த டிராகனும் வரவில்லை. அவசரத்தில் வாசிப்பவர்கள் இக்கடிதங்களைத் தாண்டிப் போய்விடக்கூடும்.