செத்த ஏரியின் அழகு

காட்டுயிர் ஓவியத்தைக் கலையாக ஏற்பதா, சுவரலங்காரமென்று ஒதுக்குவதா என்ற சண்டை கனடாவில் பழையது. அதன் நடுவில் நிற்பவர் றொபேட் பேற்மன். 1930இல் ரொறன்ரோவில் பிறந்தவர். இருபது ஆண்டுகள் பள்ளி ஆசிரியர். 1976இலிருந்து முழுநேர ஓவியர். கையொப்பமும் இலக்கமும் இட்ட அவருடைய அச்சுப்பிரதிகள் பெருந்தொகையாக விற்றன. கலை விமர்சகர் பலர் முகஞ்சுளித்தனர். இந்த முகஞ்சுளிப்பில் எனக்கு உடன்பாடில்லை. நான் வேலைசெய்யும் தொழிற்சாலையின் சாப்பாட்டறைவரை வந்து சேர்கிற ஓவியம் கலண்டர் ஓவியம் ஒன்றுதான். கேட்கவேண்டிய கேள்வி வேறு: இயற்கையைக் காக்கவென்று தீட்டப்படும் ஓவியம் எதைக் காக்கிறது, எது அதன் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது?

ஓவியர்கள் காட்டைக் காப்பாற்றியதற்கு ஒன்ராறியோவிலேயே முன்னுதாரணம் உண்டு. 1920இல் ரொறன்ரோவில் உருவான 'ஏழுவர் குழு'வைச் சேர்ந்த ஏ. வை. ஜாக்சன், ஜோர்ஜியன் குடாவின் வடக்கே கிலார்னிப் பகுதியில் ட்ரவுட் ஏரிக்கரை மரங்கள் வெட்டப்படவிருப்பதை 1931இல் அறிந்து அரசுக்கு எழுதினார். மரங்கள் தப்பின. ஏரிக்கு ஒன்ராறியோ ஓவியர் சங்கத்தின் பெயர்ச்சுருக்கமே இடப்பட்டது: ஓ.எஸ்.ஏ. ஏரி. 1964இல் கிலார்னி மாகாணப் பூங்காவாயிற்று. கதையை இந்த இடத்தில் நிறுத்திக்கொள்பவர்களே அதிகம்.

ஆனால் சட்பரி நிக்கல் உருக்காலைகளின் புகைக்குப் பூங்கா எல்லை தெரியாது. கந்தகவீரொட்சைட்டு அமிலமழையாக இறங்கியது. ரொறன்ரோப் பல்கலைக்கழகத்து ஹரோல்ட் ஹார்வியும் றிச்சட் பீமிஷும் 1960களின் பிற்பகுதியில் கிலார்னி ஏரிகளில் மீன்கள் மறைவதைக் கண்டு, நீரின் அமிலத்தன்மையை அளந்து, 1972இல் முடிவுகளை வெளியிட்டனர். ஓ.எஸ்.ஏ. ஏரியும் மீனிழந்த ஏரிகளில் ஒன்று. இதிலுள்ள கொடுமை என்னவென்றால், அமிலம் ஏறிய நீர் கலங்குவதில்லை, தெளிகிறது. கரைந்திருந்த சேதனப் பொருள் குறைய, ஒளி ஆழத்துக்கு இறங்கி, நீர் பளிங்குபோல நீலமாகிறது. செத்துக்கொண்டிருந்த ஏரி பார்வைக்கு முன்னரைவிட அழகாயிருந்தது. எந்த ஓவியனும் அதை மகிழ்ந்து தீட்டியிருப்பான். அந்த ஏரிகளுக்கு உதவியவை அளவுக்கருவிகளும், 1985இல் ஒன்ராறியோ அரசு உருக்காலைகள்மீது இறுக்கிய உச்சவரம்புமே.

இன்னொரு குருட்டுத்தன்மை இதனிலும் பழையது. ஏழுவரின் நிலக்காட்சிகளில் மனிதர் அரிது. ஜோர்ஜியன் குடாவைச் சூழ அனிஷினாபே மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்திருக்க, திரையில் 'தூய வனாந்தரம்' மட்டும் மிஞ்சியது. பேற்மனின் படங்கள் பெரும்பாலானவற்றிலும் விலங்கு தனித்தே நிற்கிறது. எமக்கு இது வெறும் அழகியல் பிரச்சினையல்ல. 1983இல் மாதுறு ஓயா தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டபோது, வேடர்கள் தம் வேட்டைக்காட்டிலேயே சட்டவிரோதிகளானார்கள். ஆளில்லாத காடே உண்மையான காடு என்ற எண்ணத்தை ஓவியமும் வளர்க்கிறது. வெளியேற்றும் உத்தரவும் அதே எண்ணத்தில்தான் எழுதப்படுகிறது. தம் ஊர் 'உயர் பாதுகாப்பு வலயம்' ஆனதைக் கண்ட வாசகருக்கு நான் இதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

பேற்மனுக்கு நியாயம் செய்வதானால் அவருடைய 'கார்மானா முரண்கள்' (1989) பற்றிச் சொல்லவேண்டும். அவ்வாண்டு வன்கூவர் தீவின் கார்மானாப் பள்ளத்தாக்குக்கு ஓவியர்கள் பலர் சென்றனர்; அவர்களுடைய படைப்புகள் நூலாக வந்து, மரவெட்டுக்கு எதிரான பிரசாரத்துக்குப் பயன்பட்டன. 1990இல் பள்ளத்தாக்கின் கீழ்ப்பாதியும் 1995இல் மேற்பகுதியும் பூங்காவாயின. படங்களே காப்பாற்றின என்பது மிகை. காட்டுக்குள் பாதை அமைத்த தொண்டர்கள் முன்பே அங்கிருந்தனர். எனினும் நிற்கும் காட்டையும் மொட்டையாக்கப்பட்ட நிலத்தையும் ஒரே சட்டகத்தில் வைத்த அந்தப் படம், அவருடைய ஓநாய்கள் எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிது. பார்ப்பவர் ரசித்துவிட்டு நழுவ அது இடங்கொடுப்பதில்லை.

ஆயினும் அங்கேயும் வெட்டியவனின் முகம் இல்லை. இயந்திரவாளைப் பிடித்த கூலியாளும், சட்பரி உலையடியில் அந்தப் புகையை எல்லோருக்கும் முன்னர் சுவாசித்தவனும் இவ்வகை ஓவியத்தில் இன்னும் நுழையவில்லை. 'காடா, வேலையா' என்று கேட்டு அவர்களைச் சூழலியலாளருக்கு எதிரே நிறுத்துவது கம்பனிகளுக்கு எளிதாயிருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.