1024 கட்டமும் ஒரு நீலக் கோட்டும்

‘சின்னப் பிள்ளைக விளையாடுற விளையாட்டு, அதப் போயி விமர்சனம் பண்ணிக்கிட்டு’ என்று தோழர்கள் சிலர் சிரிக்கக்கூடும். சிரித்துவிட்டுப் போகட்டும். ஒப்பாரியையும் பறையாட்டத்தையும் காட்டி ‘இதெல்லாம் கலையா’ என்று கேட்டவர்களிடம் மல்லுக்கு நின்றவர்கள் நாம். ஒரு பண்பாட்டுப் பொருளை ‘வெறும் ஆட்டம்’ என்று சொல்லித் தாண்டிப் போகிற சௌகரியம் நமக்குக் கிடையாது. அதிலும் அந்த ஆட்டம் உடையைப் பற்றியதாக இருக்கும்போது.

நான் எடுத்துக்கொண்டிருப்பது ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 2020 மார்ச் 20இல் வெளியிட்ட ‘அனிமல் கிராசிங்: நியூ ஹொரைசன்ஸ்’ என்ற கேம். ஒரு தீவு, பேசுகிற மிருகங்கள், வீடு கட்டக் கடன் கொடுத்து நம்மைக் கடன்காரராக்குகிற ஒரு முதலாளி, அவ்வளவுதான் கதை. கொரோனாவில் உலகமே கதவைச் சாத்திக்கொண்டிருந்த நேரத்தில் வந்ததால் கோடிக்கணக்கில் விற்றது. ஆடுகிற ஒவ்வொருவருக்கும் திரைக்குள் ஓர் உரு உண்டு. ‘அவதார்’ என்கிறார்கள். மேலேயிருந்து கீழே இறங்கி வருதல் என்று பொருள்படும் சமஸ்கிருதச் சொல்லை 1980களில் அமெரிக்க கேம்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். மேலே யார், கீழே யார் என்று அவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள். யோசிக்காமல் இருக்க நம்மால் முடியாது. ஆகவே நான் உரு என்றே எழுதுகிறேன்.

தீவில் ஒரு தையல் கடை இருக்கிறது. முள்ளெலிச் சகோதரிகள் நடத்துகிறார்கள். தங்கச்சி மேபிள் வாங்க வாங்க என்று வியாபாரம் பார்ப்பாள். அக்கா சேபிள் மூலையில் தையல் மிஷின் முன்னால் குனிந்து உட்கார்ந்திருப்பாள். பேச்சுக் கொடுத்தால் முகம் கொடுக்க மாட்டாள். நாள் தவறாமல் போய் நின்றால்தான் மெல்ல மெல்ல வாய் திறப்பாள். (மொத்த ஆட்டத்திலும் உழைப்பின் களைப்பு தெரிகிற இடம் அந்த மிஷின் ஒன்றுதான் என்பேன்.)

கடைத்துணி வேண்டாம் என்றால் நாமே வரைந்துகொள்ளலாம். 32க்கு 32, ஆக 1024 கட்டம். ஒரு துணிக்கு 15 நிறம். 800 மைல் புள்ளி கொடுத்து இன்னொரு கருவி வாங்கினால் முன்பக்கம், முதுகு, இரண்டு கை என்று தனித்தனியாக வரையலாம். ஜக்கார்டு தறிக்குக் கிராப் தாளில் கட்டம் கட்டமாகப் புட்டா போடுகிறவர்களைப் பார்த்தவர்களுக்கு இந்த வேலை உடனே பிடிபடும். வளைவு என்பதே கிடையாது. படிக்கட்டு மாதிரி ஏறி இறங்கித்தான் ஒரு கழுத்தைக் கொண்டுவர வேண்டும். முன்பக்கத்துக் கோடும் முதுகுக் கோடும் தோளில் ஒட்டணும், இல்லைன்னா கிழிசல் மாதிரித் தெரியும். முடித்ததும் அதற்கு ஓர் எண் கிடைக்கிறது. அந்த எண்ணைச் சொன்னால், இணையச் சந்தா கட்டிய எவரும் எந்த நாட்டிலிருந்தும் அதை எடுத்து உடுத்தலாம். உடுத்தலாமே ஒழிய, வரைந்தவரின் கோட்டைத் திருத்த முடியாது.

2020 ஏப்ரலில் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகமும் லாஸ் ஏஞ்சல்ஸின் கெட்டியும் தம் ஓவியங்களை இந்தக் கட்டத்துக்குள் இறக்கித் தர வசதி செய்தன. மே மாதம் வாலன்டீனோ, மார்க் ஜேக்கப்ஸ் ஆகிய ஆடம்பர உடைக் கம்பெனிகளும் தம் உடைகளை வரைந்துவிட்டன. அடுத்த ஆண்டு ரோப்லாக்ஸ் என்ற இன்னொரு கேமில் குச்சி நிறுவனத்தின் திரைப் பை ஒன்று கைமாறி நாலாயிரம் டாலருக்கு மேல் போனது. கையில் பிடிக்கிற நிஜப் பையைவிட அதிக விலை. அந்தச் சந்தை வேறு. இங்கே ஆயிரம் ரூபாய் டிசைனும் அஞ்சு காசு பெறாத டிசைனும் ஒரே எண் வரிசையில்தான் நிற்கின்றன. இதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் எதன்மேல் வரைகிறோம்? பனியன், சட்டை, கோட்டு, கவுன், அங்கி, தொப்பி என்று வெட்டு முன்கூட்டியே முடிவாகிக் கிடக்கிறது. கால்சட்டை, பாவாடை, செருப்பு எதையும் வரைய வழியில்லை. உடம்பில் சுற்றிக் கட்டுகிற துணிக்கு, அதாவது சேலைக்கோ வேட்டிக்கோ, வெட்டே கிடையாது. தைத்ததுதான் உடை என்று யாரும் அறிவிக்கவில்லை, கருவி அறிவித்துவிட்டது.

வெட்டைவிடப் பெரிய சங்கதி தோல். 2012இல் ஜப்பானிலும் மறு ஆண்டு அமெரிக்காவிலும் வந்த இதே வரிசையின் ‘நியூ லீஃப்’ ஆட்டத்தில் சட்டை வரையலாம், தோல் நிறத்தைத் தேர்ந்தெடுக்க முடியாது. எல்லா உருவும் வெள்ளையாகவே பிறக்கும். வெயிலில் வெகுநேரம் நின்றால் கறுக்கும். வெயிலை விட்டு விலகினால் சில நாளில் பழையபடி வெளுத்துவிடும். கறுப்பர்களுக்கு அந்த ஆட்டம் விட்டுவைத்த வழி அதுதான்: தினமும் வெயில்ல போயி நில்லு. கறுப்பின விமர்சகர் ஆஸ்டின் வாக்கர் 2013இலேயே இதைப் பற்றி எழுதினார். வெள்ளை இயல்பு, கறுப்பு வெயில் ஏற்றிய கறை என்கிற பார்வைக்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் கிடைக்காது. 2020 ஆட்டத்தில் எட்டுத் தோல் நிறங்கள் வந்தன. பின்னல், சடைமுடி, சுருள்முடிக் கொண்டை என்று கறுப்பர் முடிக்கு ஏற்ற அலங்காரங்கள் கூடுதலாக வர 2021 நவம்பர் ஆயிற்று. துணிக்கு 15 நிறம் முதலில், உடம்புக்கு நிறம் பிறகு என்பதுதான் வரிசை.

உடையின் மேல் போடுகிற விதி உடம்பின் மேல் போடுகிற விதி என்பதை நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. இராமநாதபுரம் மாவட்டத்தில் 1930 டிசம்பரில் ஆதிதிராவிடர் மேல் எட்டுத் தடைகள் விதிக்கப்பட்டதை ஹட்டன் தன் நூலில் பதிந்திருக்கிறார். ஆண்கள் இடுப்புக்கு மேலேயும் முழங்காலுக்குக் கீழேயும் துணி உடுத்தக்கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. பெண்கள் மேலுடம்பை மறைக்கக்கூடாது. குடை கூடாது, செருப்பு கூடாது. மீறியபோது குடிசைகள் எரிந்தன. ஒரு கேமின் கருவியையும் இந்தக் கொடுமையையும் ஒன்றென்று சொல்கிற மடமை எனக்கில்லை. இந்த வரலாற்றோடு வருகிறவனுக்கு, ‘எது வரைய முடியாது’ என்கிற கேள்விதான் முதலில் கண்ணில் படும் என்று மட்டும் சொல்கிறேன்.

2020 மே 25இல் மினியாபொலிசில் ஜார்ஜ் ஃபிளாய்ட் போலீஸ்காரர் ஒருவரின் முழங்காலுக்கடியில் செத்தார். ஜூன் மாதம் இந்தத் தீவுகளில் ‘கறுப்பர் உயிரும் உயிரே’ என்று வரைந்த சட்டைகள் எண் எண்ணாகக் கைமாறின. அந்தச் சட்டை போட்ட உருக்கள் கூட்டம் கூடி நின்றன. அதற்கு முன்பே, ஏப்ரலில், ஹாங்காங்கின் ஜோஷுவா வோங் இதே கட்டத்தில் வரைந்த விடுதலை முழக்கத்தைத் தன் தீவில் விரித்துக் காட்டினார். சில நாட்களில் சீன இணையக் கடைகளிலிருந்து இந்த கேம் காணாமல் போனது. செப்டம்பரில் பைடன் தேர்தல் குழு தன் விளம்பரப் பலகைகளை இதற்குள் கொண்டுவந்தது. நவம்பரில் நிண்டெண்டோ, நிறுவனங்களுக்கும் அமைப்புகளுக்கும் ஒரு வழிமுறை வெளியிட்டது: ஆட்டத்துக்குள் அரசியலைக் கொண்டுவராதீர்கள். கம்பெனி விளம்பரத்துக்கும் அதே அறிக்கை வரம்பு கட்டியது, தனி ஆட்களைப் பற்றி அது பேசவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனாலும் ஒரு விவசாயக் கூலிச் சங்கம் தன் கொடி நிறத்தில் சட்டை வரைந்தால் அது உடையா அரசியலா? இதைத் தீர்மானிக்கிற நாற்காலி எங்கே கிடக்கிறது என்பதை அந்த ஒரு வரி காட்டிக்கொடுத்துவிட்டது.

உரு என்பது நீர்மையானது, யாரும் எந்த உடம்பையும் எந்த உடையையும் மாட்டிக் கழற்றலாம், அடையாளம் உடைந்து சிதறுகிறது என்று கொண்டாடுகிற பின்நவீன நண்பர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். கழற்றி மாட்டுகிற சுகம் யாருக்கு? கழற்றவே முடியாத ஒன்றைச் சுமந்து வருகிறவர் திரைக்குள் போய்த் தேடுவது வேறாக இருக்கிறது. அவர் மாறுவேஷம் தேடவில்லை. வெளியே போட்டால் கேள்வி வருகிற துணியை உள்ளே கேள்வியில்லாமல் போட்டுப் பார்க்கிறார்.

சிங்கப்பூரில் இருக்கிற என் தங்கச்சி மகள் இந்த ஆட்டத்தில் கெட்டிக்காரி. பத்து வயசு. அம்பேத்கரின் நீலக் கோட்டை வரைந்து எனக்குக் காட்டினாள். சிவப்பு டை மூணு கட்டம் அகலம். சட்டைப் பையில் செருகிய பேனாவுக்கு வெள்ளையில் இரண்டே கட்டம். ‘மூக்குக் கண்ணாடி கடையிலேயே கெடைக்குது மாமா, பேன்ட்டுதான் வரைய விட மாட்டேங்குறான்’ என்றாள். கடையில் இருந்த கறுப்புக் கால்சட்டையை மாட்டிவிட்டிருந்தாள். பரவாயில்லை என்றேன். அவளுக்குப் பரவாயில்லை இல்லை. நீலம் ஒட்டவில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

பிறகு எங்கள் அம்மாவுக்கு ஓர் உரு செய்திருக்கிறாள். தோல் நிறத்தில் கடைசி நிறம். சேலைக்கு வெட்டு இல்லாததால் கணுக்கால் வரை வருகிற அங்கியை எடுத்து, அதன்மேல் சேலையை வரைந்திருக்கிறாள். முந்தானை தோளில் ஏறுகிற இடத்தில் முன்பக்கமும் முதுகும் ஒரு கட்டம் விலகித்தான் நிற்கிறது; நாலு நாள் மெனக்கெட்டும் ஒட்டவில்லையாம். அம்மா களையெடுக்கப் போகும்போது கட்டுகிற பின்கொசுவக் கட்டு அது. முதுகுப் பக்கம் தனியாக இருப்பதால் கொசுவத்தை அங்கே ஆறு மடிப்பாகப் போட முடிந்திருக்கிறது. எண்ணை எனக்கு அனுப்பியிருக்கிறாள்.