சோதனைக் கருவியும் அதைப் பேணுவோரும்

ஆக்கல், காத்தல், அழித்தல் என்னும் முத்தொழில்களுள் ஆக்கலுக்கே உலகம் மாலை சூட்டுகிறது. காத்தலைச் செய்பவரை அது திரும்பியும் பார்ப்பதில்லை. கணினி உலகிலும் இதே நிலைதான். புதிய மென்பொருளைப் படைத்தவர் பெயர் ஏடுகளில் ஏறுகிறது; அதனைப் பத்தாண்டுக் காலம் பழுதுபார்த்து வந்தவர் பெயரை அறிவார் இலர். இந்த ஓரவஞ்சனையால் விளையும் தீங்கை ஒரு துறையைக் கொண்டு ஆராய்வோம். கணினி வலைப்பின்னலின் உறுதியைச் சோதிக்கும் திறமூலக் கருவிகளைப் பேணும் பணியே அத்துறை.

முதலில் பொருளை விளக்கிக்கொள்வோம். ஒரு கணினி மற்றொன்றுக்கு அனுப்பும் செய்தி சிறு சிறு பொதிகளாகப் பிரிந்து செல்கிறது. அப்பொதிகளை வாங்கி, முகவரி பார்த்து, வரிசைப்படுத்தி, ஒன்றுசேர்த்து, உரிய இடத்தில் ஒப்படைக்கும் மென்பொருட் பகுதி ஒவ்வொரு கணினியிலும் உண்டு. ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த பல படிகளை உடையதாதலின் அதனை வலைப்பின்னல் அடுக்கு என்பர். முறையான பொதி வந்தால் அது செவ்வனே வேலை செய்யும். முறைகெட்ட பொதி வந்தால் என்னாகும்? அங்கேதான் அதன் உறுதி வெளிப்படும். வேண்டுமென்றே முறைகெட்ட பொதிகளை அனுப்பி, எதிர்பாராத வரிசையிலும் அனுப்பி, அடுக்கு நிலைகுலைகிறதா என்று பார்ப்பதே சோதனைக் கருவியின் தொழில்.

இது வீண் வேலையன்று. ‘நீ இருக்கின்றாயா?’ என்று ஒரு கணினி மற்றொன்றைக் கேட்கும் சிறு செய்திக்குப் ‘பிங்’ என்று பெயர். இணைய நெறிமுறையின் நான்காம் பதிப்பின்படி ஒரு பொதியின் பேரளவு 65,535 பைட்டுகள். பெரிய பொதியைத் துண்டுகளாக அனுப்பலாம். பெறுகின்ற கணினி அவற்றை ஒட்டிக்கொள்ளும். ஒட்டியபின் அளவு அவ்வெல்லையை மீறும்படி துண்டுகளை அமைத்து அனுப்பினால், பல கணினிகள் உறைந்துபோயின. சில தாமே நின்று மறுபடி தொடங்கின. 1996ஆம் ஆண்டின் பிற்பகுதியில் வெளிப்பட்ட இக்குறைக்கு ‘மரணப் பிங்’ என்று பெயரிட்டனர். கூட்டிப் பார்க்க வேண்டிய இடத்தில் கூட்டிப் பாராமையே பிழை. அவ்வளவுதான்.

இனி ஆராய்ச்சிக்கு வருவோம். திறமூல மென்பொருளைப் பற்றி எரிக் ரேமண்ட் என்பார் 1997இல் ஒரு கட்டுரை படித்தார். பின்னர் அது நூலாகவும் வந்தது. மூலத்தைப் பார்க்கும் கண்கள் பலவாயின் எந்தப் பிழையும் ஒளிந்திருக்க முடியாது என்பது அவர் முன்வைத்த கருத்துகளுள் ஒன்று. கேட்பதற்கு இனிய கொள்கை. ஆயின் அது ஒன்றை விளக்காமல் விடுகிறது. பார்க்கக் கூடிய கண்கள் வேறு. பார்க்கின்ற கண்கள் வேறு.

சான்று ஒன்று காட்டுவோம். இணையத்தில் மறைபொருளைக் காக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்னும் திறமூல மென்பொருளின் 2012 மார்ச் மாதப் பதிப்பில் ஒரு பிழை நுழைந்திருந்தது. வந்த செய்தி தன் நீளம் இவ்வளவு என்று பொய் சொன்னால், மென்பொருள் அதனை நம்பித் தன் நினைவகத்திலிருந்து 64 கிலோபைட் வரை எடுத்துக் கொடுத்துவிடும். மரணப் பிங்குக்கு இது உறவுமுறைப் பிழையே. மூலம் உலகறியத் திறந்தே கிடந்தது. ஆயினும் 2014 ஏப்ரல் வரை, இரண்டாண்டுக் காலம், அது வெளிப்படவில்லை. உலகின் பெருவணிகமெல்லாம் நம்பியிருந்த அம்மென்பொருளுக்கு அதுவரை ஆண்டுதோறும் வந்த நன்கொடை ஏறத்தாழ 2,000 அமெரிக்க வெள்ளியே.

பின் யார் கண்டார்? கூகுள் நிறுவனத்துப் பொறியாளர் ஒருவரும், பின்லாந்தின் கோடெனாமிகான் நிறுவனத்தாரும் தனித்தனியே கண்டனர். பின்லாந்தியர் கண்ட விதம் நம் கருத்துக்கு அரணாகும். அவர்கள் விற்றுவந்த நெறிமுறைச் சோதனைக் கருவியின் ஒரு கூற்றைச் செப்பனிட்டுக் கொண்டிருந்தபோதே அப்பிழை அகப்பட்டது. பல கண்கள் காணாததைக் கருவியைப் பேணிய சில கைகள் கண்டன. அக்கருவி திறமூலமன்று, அதனைப் பேணக் கூலி பெறும் ஆட்கள் இருந்தனர் என்பதையும் மறவாதிருப்போம்.

பேணல் என்றால் என்ன? துருப்பிடிக்கும் இரும்புக்கு எண்ணெய் இடலாம். மென்பொருளில் எது துருப்பிடிக்கிறது என்று கேட்கலாம். ஆசிரியப் பெருமக்களுக்கு எளிதில் விளங்கும் உவமை ஒன்று உண்டு. பாடத்திட்டம் மாறியபின்னும் பழைய வினாத்தாளையே ஆண்டுதோறும் கொடுக்கும் பள்ளியை எண்ணிப் பாருங்கள். மாணவர் அனைவரும் தேறுவர். தேர்ச்சி விழுக்காட்டைக் கண்டு பெற்றோர் மகிழ்வர். ஆயின் அத்தேர்வு எதையும் அளக்கவில்லை.

சோதனைக் கருவியின் நிலையும் இதுவே. நெறிமுறையின் நான்காம் பதிப்பை மட்டும் அறிந்த கருவி ஆறாம் பதிப்பின் குறையைச் சொல்லாது. மரணப் பிங் வெளிவந்து ஏறக்குறைய பதினேழு ஆண்டுகளுக்குப்பின், 2013 ஆகஸ்டில், விண்டோஸின் ஆறாம் பதிப்பு அடுக்கில் அதே இனத்துக் குறையொன்றை மைக்ரோசாப்ட் திருத்த நேர்ந்தது. நெறிமுறைகளும் நிற்பதில்லை. பொதிப் போக்குவரத்தை ஆளும் டிசிபி என்னும் நெறிக்கு 1981இல் எழுதிய இலக்கணத்தை நீக்கி 2022இல் புதிய இலக்கணம் வெளியிட்டனர்.

பேணப்படாத மற்றக் கருவிகள் உடைந்து தம் குறையைத் தாமே அறிவிக்கும். பேணப்படாத சோதனைக் கருவியோ ‘குறையொன்றுமில்லை’ என்று கூறிக்கொண்டே இருக்கும். அம்மௌனத்துக்குப் பொருள் இரண்டு: அடுக்கு உறுதியானது என்பது ஒன்று, கருவி குருடாயிற்று என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் பிரித்தறிவதே பேணுவோரின் முதற்கடமை. உறங்கும் காவலன் இருக்கும் வீட்டைவிடக் காவலனே இல்லாத வீடு மேல். அங்கே வீட்டுக்காரனாவது விழித்திருப்பான்.

இதற்கு நேர்மாறான கேடும் உண்டு. கூகுள் நிறுவனத்தார் 2013இல் வெளியிட்ட பேக்கெட்டிரில் என்னும் திறமூலக் கருவி, எந்த நொடிப்பகுதியில் எந்தப் பொதி வரவேண்டும் என்பதை எழுதிவைத்துச் சரிபார்ப்பது. லினக்ஸின் அடுக்கில் பத்துப் பிழைகளை அது காட்டியதாக அதன் ஆசிரியர்கள் அப்போதே எழுதினர். ஆனால் மெதுவான கணினியில் பொதி சற்றுத் தாமதித்தால், பிழையில்லாத இடத்திலும் அது பிழை கூறும். ‘புலி வருகிறது’ என்று பலமுறை பொய் சொன்ன சிறுவன் கதையே இங்கும் நடக்கும். மெய்யாகப் புலி வந்த நாளில் கேட்பார் இரார். காலவரம்பை எவ்வளவு தளர்த்துவது, எவ்வளவு இறுக்குவது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துச் செப்பனிடுவது சலிப்பூட்டும் பணி. அப்பணியைச் செய்தார்கள் என்பதே இங்குப் பாராட்டத்தக்கது. 2024இல் இச்சோதனைகள் லினக்ஸின் மூலத்தோடு சேர்க்கப்பட்டன. நூலும் வினாத்தாளும் ஒரே கட்டில் வந்துவிட்டால் ஒன்று மாறும்போது மற்றொன்றை மறப்பது அரிது.

ரேமண்டின் கொள்கையை அடியோடு தள்ளுவதும் நடுநிலையாகாது. மைக்கேல் ஸலேவ்ஸ்கி 2013இல் வெளியிட்ட ஏஎஃப்எல் என்னும் சோதனைக் கருவிக்கு அவர் கையால் வந்த இறுதிப் பதிப்பு 2017இல் வெளியானது. மூலம் திறந்திருந்தமையால் 2019இல் தன்னார்வலர் சிலர் அதனைத் தம் பொறுப்பில் ஏற்று, ஏஎஃப்எல் பிளஸ் பிளஸ் என்று வளர்த்தனர். ஏஎஃப்எல்லை அடியாகக் கொண்டு, வலைப்பின்னல் நெறிமுறைகளைச் சோதிக்கும் ஏஎஃப்எல்நெட் 2020இல் பிறந்தது. அதன் ஆசிரியருள் ஒருவர் நம் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகப் பேராசிரியர். மூடிய கருவியாயின் இவை நிகழ்ந்திரா. திறந்த மூலம் உரிமை தருகிறது. ஆள் தருவதில்லை என்பதே நாம் கூறும் திருத்தம்.

ஆகவே பல்கலைக்கழகங்கள் புதுக் கருவி படைத்தவர்க்குத் தரும் மதிப்பைப் பழங்கருவியைப் பேணுபவர்க்கும் தரவேண்டும். அதனையும் ஆய்வுப்பணியாக எண்ணவேண்டும். கருவியால் பயன்பெறும் நிறுவனங்கள் அதனைப் பேணுவோர்க்கு ஊதியம் அளிக்கவேண்டும். சோதனை நடத்துவோர், அறிந்த பிழையொன்றை வேண்டுமென்றே அடுக்கில் இட்டு, கருவி அதனைக் காண்கிறதா என்று அவ்வப்போது பார்க்கவேண்டும். காணாவிடில், அதுநாள்வரை அது அளித்த நற்சான்றுகள் அனைத்தையும் மறுபடி ஆராய்வதே அறிவுடைமை.