கறிக்கணக்கு

"தொடைக்கறி அரை கிலோ போடுங்க பாய்" என்று சொல்லிவிட்டு, அவர் வெட்டி முடிக்கும்வரை செல்போனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவரா நீங்கள்? நானும் அந்தக் கட்சிதான். நம்மை நெளிய வைக்க ஒரு புத்தகம் இருக்கிறது. அமெரிக்காவின் ஸ்டீவன் ரினெல்லா 2015-ல் எழுதிய 'தி கம்ப்ளீட் கைடு டு ஹன்ட்டிங், புட்சரிங் அண்டு குக்கிங் வைல்டு கேம்', முதல் தொகுதி. கேம் என்றால் இங்கே விளையாட்டு இல்லை, வேட்டை மிருகம். 'மீட்ஈட்டர்' டி.வி. தொடரில் வருகிறாரே, அவரேதான்.

வேட்டைக் கதைகள் பெரும்பாலும் துப்பாக்கி வெடித்ததும் முடிந்துவிடும். செத்த மிருகத்தின் பக்கத்தில் ஒரு போட்டோ, சுபம். ரினெல்லாவுக்கு அதற்குப் பிறகும் வேலை இருக்கிறது. அது சாதாரண வேலை இல்லை. மான் விழுந்ததும் வயிற்றைத் திறந்து குடலை எடுக்கணும். குடலோ மூத்திரப்பையோ கிழிந்தால் கறி நாறிப்போகும். உடம்புச் சூடு சீக்கிரம் தணியணும். வீட்டுக்குக் கொண்டுவந்து தொங்கவிட்டுத் தோலை உரிக்கணும், முடி ஒட்டாமல். அப்புறம் சப்பை, தொடை, முதுகுக்கறி என்று பிரிக்கணும். ஓங்கி வெட்டத் தேவையில்லை. தசையும் தசையும் சேருகிற இடத்தில் சின்னக் கத்தி நுழைந்தால் தானாகப் பிரியும். வெள்ளைச் சவ்வையும் கொழுப்பையும் நீக்கியே ஆகணும். மான் கொழுப்பு மெழுகு மாதிரி வாயில் அப்பும்.

காசு கொடுத்தால் இதைச் செய்துதர அங்கே கடைகள் உண்டு. ரினெல்லா நம் கையிலேயே கத்தியைக் கொடுக்கிறார். இதயம், நல்லி எதையும் வீணாக்க விடுவதில்லை. கொன்றவன் வெட்டணும், வெட்டியதைத் தின்னணும். இந்த நேர்மைதான் புத்தகத்தின் பலம்.

ஒரு எச்சரிக்கையைச் சேர்த்தே படியுங்கள். 1967-ல் கொலராடோவில் முதலில் கவனிக்கப்பட்ட 'க்ரானிக் வேஸ்டிங்' என்ற மான் நோய், இன்று 30-க்கும் மேற்பட்ட மாநிலங்களில் இருக்கிறது. சமைத்தாலும் அந்தக் கிருமிப்புரதம் சாகாது. மனிதருக்குத் தொற்றியதாக நிரூபணம் இல்லை. ஆனாலும் நோயுள்ள பகுதியில் பரிசோதித்த பிறகே சாப்பிடச் சொல்கிறார்கள். நம்மூரில் அந்தக் கவலையே வேண்டாம். 1972 வனவிலங்குச் சட்டப்படி மானைத் தொட்டால் ஜெயில்.

"பண்ணைக் கறிக்கு இதுதான் மாற்று" என்று சில ரசிகர்கள் கிளம்புகிறார்கள். நான் பி.காம்., கணக்குப் போடாமல் இருக்க முடியவில்லை. அமெரிக்காவில் வெள்ளைவால் மான்கள் சுமார் 3 கோடி. ஒரு மானுக்கு எலும்பில்லாத கறி 20 கிலோ என்று வையுங்கள். மொத்தம் 60 கோடி கிலோ. ஜனத்தொகை 34 கோடி. தலைக்கு 2 கிலோகூட வரவில்லை. சராசரி அமெரிக்கர் வருஷத்துக்குத் தின்பதோ சுமார் 100 கிலோ. ஆக, எல்லோரும் இந்த வழிக்கு வந்தால் ஒரு வாரத்துக் கறி. அடுத்த வாரம் காட்டில் மானே இருக்காது!

அதனால் இது ஊருக்கான வழி இல்லை. லைசென்ஸ், லீவு, கராஜ், பெரிய ஃப்ரீசர் நான்கும் உள்ளவருக்கான வழி. அதில் தப்பில்லை. எனக்கு உறுத்துவது வேறு. சொந்தக் கையால் வெட்டுகிறவன் நேர்மையானவன் என்றால், ஊருக்கே தினமும் வெட்டுகிறவன் யார்? அதே கத்தி, அதே சவ்வு, அதே ரத்தம். லீவு நாளில் செய்தால் தத்துவம், வயிற்றுப் பிழைப்புக்குச் செய்தால் கசாப்பு என்று நாம்தானே பேர் வைத்தோம்? இந்தக் கேள்வியைக் கிளப்பும் அளவுக்குப் புத்தகம் நன்றாக இருக்கிறது. ஆனால் அதற்குள் அது போகவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை செல்போனைப் பைக்குள் போட்டுவிட்டு, பாயின் கையைப் பார்த்தேன். பத்து நிமிஷம். அத்தனை லாகவம். "என்ன சார், எடையில சந்தேகமா?" என்றார்.