எழுதப்படாத மூன்றாம் கேலி நாடகம்

கிடர்பூரில் வாழும் தமிழ்க் குடும்பத்தார்க்குத் துறைமுகமும் கப்பல்துறைத் தொழிலும் அங்காடித் தெருக்களும் நன்கு பழக்கமானவை. ஆயினும் வங்க மக்கள் இப்பகுதியைக் 'கவிதீர்த்தம்' என்று போற்றுவதன் காரணத்தை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. ரங்கலால், ஹேமச்சந்திரர், மைக்கேல் மதுசூதன தத்தர் ஆகிய கவிஞர் மூவர் இம்மண்ணோடு தொடர்புடையோர். அவர்களுள் மதுசூதனரை இங்குச் சிறப்பாக நோக்குவோம். ஏனெனில் அவர் கிடர்பூரில் வளர்ந்து சென்னையில் எட்டாண்டு வாழ்ந்தவர். நாம் வந்த வழியில் எதிர்த்திசையாகச் சென்றவர் எனலாம்.

1824 ஆம் ஆண்டு யசோர் மாவட்டத்துச் சாகர்தாரியில் பிறந்த அவர், வழக்கறிஞரான தந்தையின் கிடர்பூர் வீட்டிலிருந்து இந்துக் கல்லூரியில் பயின்றார். ஆங்கிலக் கவிஞராகப் புகழ்பெற வேண்டும் என்பதே இளமைக் கனவு. வர்ட்ஸ்வொர்த்துக்குக் காணிக்கை எனக் குறித்துப் பிரிட்டனின் இதழுக்குக் கவிதைகள் அனுப்பினார். 1843 இல் கிறித்தவம் தழுவினார். 1848 இல் சென்னை சேர்ந்து ஆசிரியராகவும் இதழாளராகவும் உழைத்தார். அங்கு 1849 இல் வெளிவந்த 'சிறைப்பட்ட மங்கை' என்னும் ஆங்கிலக் காவியம் எதிர்பார்த்த புகழைத் தரவில்லை. தாய்மொழியில் எழுதுக என்று பெதூன் என்னும் ஆங்கிலேயரே அறிவுரை கூற நேர்ந்தது ஒரு முரண்.

1856 இல் கல்கத்தா திரும்பிக் காவல் நீதிமன்றத்தில் பணி ஏற்ற பின்னரே அவர் வங்க மொழியின் பெருங்கவிஞரானார். 1861 இல் வெளிவந்த 'மேகநாத வதம்' அவருடைய முடிமணி. ஆயினும் அதற்கு முந்திய ஆண்டில் வந்த இரு கேலி நாடகங்களே அவர் வாழ்வைத் திறக்கும் சாவி என்பது நம் கருத்து.

முதல் நாடகத்தின் பெயர் 'இதற்குத்தான் நாகரிகம் என்று பெயரா?' என்று பொருள்படும். நவகுமாரன் என்னும் ஆங்கிலம் கற்ற இளைஞன் 'ஞானதரங்கிணி சபை' என்று ஒரு சங்கம் நடத்துகிறான். பெயர் ஞானம், நடப்பது மதுவும் கூத்தும். விடுதலை, சீர்திருத்தம் என்று ஆங்கிலம் கலந்து முழங்குபவன் தள்ளாடியபடி வீடு சேர்கிறான். நாடகத் தலைப்பாகிய கேள்வியை இறுதியில் கேட்பவள் அவன் மனைவி. மற்றொரு நாடகம், பக்திமானாக நடித்துக் குடியானவன் மனைவிமேல் கண் வைத்து உதைபடும் கிழ ஜமீன்தாரைப் பற்றியது. புதியோரையும் பழையோரையும் ஒருசேரச் சாடிய இவற்றை, அவரை ஆதரித்த பெல்காச்சியா அரங்கம் மேடையேற்றவில்லை.

இனி வாழ்க்கையைக் காண்போம். 1862 இல் பாரிஸ்டராக வேண்டி இங்கிலாந்து சென்றார். ஊரிலிருந்து வரவேண்டிய பணம் வரவில்லை. வெர்சேல்ஸ் நகரில் குடும்பத்தோடு வறுமையில் சிக்கினார். 1864 இல் ஈசுவரசந்திர வித்யாசாகர் அனுப்பிய பணமே காப்பாற்றியது. 1867 இல் திரும்பியபோது வித்யாசாகர் வீடொன்றை ஆயத்தம் செய்து வைத்திருக்க, நம் கவிஞரோ ஸ்பென்ஸ் ஓட்டலில் தங்கினார். சம்பாதித்தது போதாமல் கடன் பெருகியது. பொருளுக்கும் கோலத்துக்கும் உள்ள இந்த இடைவெளி நவகுமாரனுடையதே. தாம் எள்ளிய பாத்திரத்தின் உடையைத் தாமே அணிந்துகொண்டார். எழுதப்படாத மூன்றாம் கேலி நாடகம் அவருடைய வாழ்க்கையாயிற்று.

அவரைப் பற்றி எழுதுவோர் இறுதி நாள்களைக் கூறிக் கண்ணீர் விடுவர். அல்லது ஊதாரித்தனத்தைக் கூறி அறம் உரைப்பர். இரண்டும் போதா. வறுமை தன்னளவில் நகைக்கத்தக்கதன்று. ஹேமச்சந்திரரும் பார்வை இழந்து, வறுமையுற்று 1903 இல் மறைந்தார். அங்கே நகைக்க எதுவுமில்லை. மதுசூதனரிடம் நகை பிறப்பதற்குக் காரணம், எது நகைப்புக்குரியது என்பதை வங்கத்திலேயே நன்கறிந்தவர் அவர் என்பதுதான். அறிவு அவரைக் காக்கவில்லை.

அந்த நகையும் ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. நாடகத்தில் கடைசிக் கேள்வியை மனைவிக்கு அளித்தவர், சென்னையில் ரெபேக்காவையும் நான்கு குழந்தைகளையும் விட்டு வந்தவர். துணைவி ஹென்ரியெட்டா 1873 சூன் 26 இல் இறந்தார். மூன்று நாள் கழித்து மருத்துவமனையில் அவரும் இறந்தார். அப்பெண்கள் கேட்டிருக்கக்கூடிய கேள்வியை எழுத அந்தக் கை முன்வரவில்லை. கலைஞர்க்குச் சலுகை வழங்கும் திறனாய்வு இதனை மறைத்தல் ஆகாது.

நம் புதுமைப்பித்தனை இங்கு நினைவுகூர்தல் பொருந்தும். 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில் பத்திரிகை நடத்தித் திண்டாடும் மனிதர் கடவுளிடமே சந்தா வாங்குகிறார். தம் போன்ற எழுத்தாளரின் நிலையையே அவர் நகைப்பொருளாக்கினார். படத்தொழிலுக்குச் சென்று காசநோயுற்று அவரும் 1948 இல் மறைந்தார். நகை அவரையும் பிழைக்க வைக்கவில்லை. எனினும் அவர் சிரிப்பு தம்மை நோக்கித் திரும்பியது. மதுசூதனர் சிரிப்பு பிறரை நோக்கியே நின்றது.

ஆயின் வெர்சேல்ஸ் தனிமை ஒன்றைக் கற்பித்தது. கடன்காரர் நடுவே இருந்துகொண்டு அவர் எழுதியவை வங்க மொழியில் பதினான்கு அடிப் பாடல்கள். பிறந்த ஊரின் கபோதாட்ச ஆறும் தாய்மொழியும் அவற்றின் பொருள்கள். பன்மொழிப் புலமை அவருடைய குற்றமன்று. சென்னையில் ஈபுரு, கிரேக்கம், தெலுங்கு, சமஸ்கிருதம், இலத்தீன் என நேரம் வகுத்துக் கற்றவர் அவர். எல்லாம் கைவிட்ட பின் ஒதுங்கும் திண்ணையாகத் தாய்மொழியை முதலில் கருதியதே குற்றம்.

நம் பிள்ளைகள் வங்கமும் இந்தியும் ஆங்கிலமும் தடையின்றிப் பேசுகின்றனர், அது பேறே. வங்க எழுத்தறிந்த பிள்ளைகள் அந்தச் சிறு நாடகத்தைப் படித்துப் பெரியோர்க்குத் தமிழில் சொல்லட்டும். மதுசூதனர் வளர்ந்த இந்தப் பேட்டையில் தமிழர் அவர்க்குச் செய்யத்தக்க மரியாதை அதுவே. ஞானதரங்கிணி சபையை நம் சங்கங்களோடு ஒப்பிட்டு அவர்கள் சிரித்தால், அச்சிரிப்பையும் நாம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.