கேட்கும் முன்னே தீர்ப்பா?

புதிய இசைப்பேழை ஒன்று வெளிவரும்போது இரண்டு ஒலிகள் எழுகின்றன. ஒன்று, அப்பேழையினுள் இருக்கும் இசை. மற்றொன்று, அதைப் பற்றிய பேச்சு. பெரும்பாலும் இரண்டாவதே முதலில் தொடங்கிவிடுகிறது. முதலாவது ஓய்ந்த பின்னும் அதுவே நீடிக்கிறது. "வெறும் ஆரவாரம்" என்பார் ஒருவர். "எல்லாம் அங்கிருந்தும் இங்கிருந்தும் எடுத்தது" என்பார் மற்றொருவர். "என்ன சொன்னாலும் எனக்குப் பிடிக்கவில்லை" என்று எழுந்து போவார் மூன்றாமவர். மூவரும் ஒரே பொருளைப் பற்றி வாதிடுவதாக நினைக்கிறார்கள். உண்மையில் அவர்கள் மூன்று வேறு வினாக்களுக்கு விடை கூறிக் கொண்டிருக்கிறார்கள்.

ஆரவாரம் என்பது படைப்பைப் பற்றிப் பேசுவோரின் நடத்தையைக் குறித்த வினா. தனித்தன்மை என்பது படைப்புக்கும் அதற்கு முன் வந்தவற்றுக்கும் உள்ள உறவைக் குறித்த வினா. சுவை என்பது கேட்பவரின் உள்ளத்தைக் குறித்த வினா. ஒன்றுக்குரிய விடையை மற்றொன்றுக்குரிய தீர்ப்பாகக் கொள்வதாலேயே நம் இசை விவாதங்கள் முடிவின்றிச் சுழல்கின்றன. இதனைத் தெளிவுறுத்த, நாம் நன்கறிந்த ஒரு படைப்பையே சான்றாக எடுத்துக்கொள்வோம்.

2005-ஆம் ஆண்டு சூன் மாத இறுதியில் சென்னையில் இளையராஜாவின் 'திருவாசகம்' வெளியிடப்பட்டது. மாணிக்கவாசகரின் பாடல்களில் சில, ஆறு இசைப்பகுதிகளாக அதில் அமைந்துள்ளன. ஹங்கேரியின் தலைநகரான புடாபெஸ்ட்டின் சிம்பொனி இசைக்குழு அதில் வாசித்தது. ஆங்கில வரிகளை எழுதியவர் ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ். மத்தேயு நற்செய்தியைத் தழுவி 1971-இல் மேடையேறிய 'காட்ஸ்பெல்' இசைநாடகத்தின் பாடலாசிரியர் அவரே. வெளியீட்டு முயற்சியை முன்னின்று நடத்திய 'தமிழ் மைய'த்தின் பொறுப்பில் இருந்தவர் ஜெகத் கஸ்பார் ராஜ் என்னும் கத்தோலிக்கக் குரு. சைவத் திருநூல் ஒன்று கத்தோலிக்கக் குரு ஒருவரின் முயற்சியால் இசைவடிவம் பெற்றதே அந்நாளில் பேசுபொருளாயிற்று. ஆனால் 1900-ஆம் ஆண்டிலேயே திருவாசகத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்ட ஜி.யு. போப் ஓர் ஆங்கிலிக்கக் குருவன்றோ? அவ்வழி புதியதன்று.

முதலில் ஆரவாரத்தைப் பார்ப்போம். இப்படைப்பு 'சிம்பொனியில் திருவாசகம்' என்றே எங்கும் அழைக்கப்பட்டது. சிம்பொனி என்பது, பொதுவாக, பல்லியக் குழு ஒன்று வாசிப்பதற்கென எழுதப்படும் நீண்ட இசைப்படைப்பு. அது பெரும்பாலும் நான்கு பகுதிகளாக அமையும். சொற்களுக்கு அங்கு வழக்கமாக இடமில்லை. 1824-இல் அரங்கேறிய தம் ஒன்பதாம் சிம்பொனியின் இறுதிப் பகுதியில் பீத்தோவன் பாடகர்களை நிறுத்தியது அதனாலேயே பெரும் புதுமையாகக் கருதப்பட்டது. சமயம் சார்ந்த சொற்களைத் தனிக்குரல்களும் குழுக்குரல்களும் பாட, பல்லியம் உடன் ஒலிக்கும் வடிவத்துக்கு மேலை இசையில் வேறு பெயர் உண்டு, அது 'ஒரட்டோரியோ'. அப்பெயர் செபக்கூடத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. பதினாறாம் நூற்றாண்டில் உரோமை நகரில் புனித பிலிப்பு நேரி நடத்திய செபக்கூட்டங்களில் பாடப்பெற்ற இசையே அவ்வடிவத்தின் ஊற்று. 1742-இல் டப்ளின் நகரில் அரங்கேறிய ஹேண்டலின் 'மெசையா' அதன் உச்சங்களுள் ஒன்று.

ஆக, இளையராஜாவின் திருவாசகம் சிம்பொனி வடிவினது அன்று. ஒரட்டோரியோவுக்கே நெருங்கிய உறவினது. இது சொல் குறித்த சிறு பிணக்கு என்று சிலர் எண்ணக்கூடும். அவ்வாறன்று. சிம்பொனி என்று நம்பி வாங்கியவர், அதற்குரிய அமைப்பைத் தேடி, காணாது, "ஏமாற்றிவிட்டார்கள்" என்றார். பாராட்டியவரோ, "உலகமே வியக்கும் சிம்பொனி" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்ல இயலாது நின்றார். இருவருக்கும் நடுவே, உண்மையில் அப்படைப்பு என்ன செய்திருக்கிறது என்பதைக் கேட்பார் குறைந்தனர். தவறான பெயர் படைப்புக்குப் பெருமை சேர்க்கவில்லை. அதற்கு உரிய செவிகளையே அதனிடமிருந்து பறித்தது.

இதனினும் விந்தையான சான்று ஒன்று உண்டு. 1993-இல் இலண்டன் ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழுவைக் கொண்டு இளையராஜாவின் சிம்பொனி ஒன்று ஒலிப்பதிவு செய்யப்பட்டது. ஆண்டுகள் பல கடந்தும் அது மக்கள் கேட்க வெளியிடப்படவில்லை. ஆயினும் அது மாபெரும் படைப்பென்று ஒரு சாராரும், அதில் ஒன்றுமில்லை என்று மறுசாராரும் இடைவிடாது வாதிட்டனர். எவரும் கேட்டிராத இசைக்கு இரு தரப்புத் தீர்ப்பும் ஆயத்தமாக இருந்தது! "ஆசியாவின் முதல் சிம்பொனி" என்ற முழக்கமும் அன்று எழுந்தது. அந்த இலண்டன் குழுவோடு இணைத்துச் சொல்லப்பட்ட பெருமை, வாய்க்கு வாய் மாறும்போது அடைமொழியை இழந்து, ஆசியா முழுவதற்கும் உரியதாயிற்று. ஜப்பானின் யமாடா கோசாக்கு 1912-இலேயே தம் முதல் சிம்பொனியை எழுதி முடித்துவிட்டார். மெய்யான பெருமை உடையவருக்குப் பொய்யான பெருமையைச் சூட்டுவது அவருக்குச் செய்யும் தீங்கேயாகும். பொய் உடைபடும் நாளில் மெய்யும் அதனோடு ஐயத்துக்குள்ளாகிறது.

எனினும் ஆரவாரத்தைக் கண்டு படைப்பையே வெறுப்பதும் முறையாகாது. விளம்பரப் பலகையை இசையமைப்பாளர் எழுதுவதில்லை. அப்படியே எழுதினாலும், பலகையில் உள்ளது இசைக்குறிப்பு ஆகாது. "ஆரவாரம் மிகுதி, ஆகவே இசை மோசம்" என்பது, "ஆரவாரம் மிகுதி, ஆகவே இசை சிறப்பு" என்பதைப் போன்றே பிழைபட்ட முடிவு. இரண்டும் காதைப் பயன்படுத்தாமலே பெறப்பட்டவை.

இனி, தனித்தன்மை. "மேலை வயலின்களோடு நம் பாட்டைச் சேர்த்தால் அது புதுமையா?" என்பது திருவாசகத்தின் மீது வைக்கப்பட்ட குற்றச்சாட்டு. இதற்கு முன்னரே, 1986-இல் வெளிவந்த 'ஹவ் டு நேம் இட்' என்னும் பேழை மீதும் இத்தகைய வினா எழுந்ததுண்டு. தியாகராசருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக்கப்பட்ட அப்பேழையில், பாக் தனி வயலினுக்கென எழுதிய பகுதி ஒன்று மறைவின்றி ஒலிக்க, அதன் மேல் நம் நாட்டுப் பாணி வயலின் உரையாடுகிறது. இது கடனா, களவா, படைப்பா?

வரலாற்றைச் சற்றே புரட்டினால் இவ்வினாவின் சூடு தணியும். பாக்கே அந்த வயலின் பகுதியை 1731-இல் ஆர்கனுக்கும் பல்லியத்துக்குமாக மாற்றி, தம் திருவழிபாட்டுப் பாடற்கோவை ஒன்றின் முகப்பாக வைத்தார். இறைமகனின் பாடுகளைத் தியானிக்கும் புகழ்பெற்ற செர்மானியப் பாடல் ஒன்றின் மெட்டு, 1601-இல் ஹாஸ்லர் வெளியிட்ட காதற்பாட்டின் மெட்டே. பாக் அதனைத் தம் 'மத்தேயுவின் பாடுகள்' இசையில் பலமுறை கையாண்டார். அதைக் கேட்டுக் கண்ணீர் வடிப்பவர் எவரும் அதன் பிறப்பிடத்தை எண்ணி நாணுவதில்லை. நம் மண்ணிலோ, முத்துசுவாமி தீட்சிதர் மேலைநாட்டு மெட்டுகளுக்கு வடமொழிச் சொற்களை அமைத்து 'நோட்டுச் சுர'ப் பாடல்களை இயற்றினார். அவற்றுள் ஒன்று ஆங்கில நாட்டு வாழ்த்தின் மெட்டிலேயே அமைந்தது. அதனால் தீட்சிதரின் தனித்தன்மை குன்றிவிட்டதா?

எங்கிருந்து எடுத்தார் என்பது தொடக்க வினாவே. எடுத்ததை என்னவாக ஆக்கினார் என்பதே தீர்ப்புக்குரிய வினா. எடுத்ததை மறைத்துத் தமதென்று காட்டினால் அது களவு. எடுத்தது எடுத்தபடியே கிடந்தால் அது சோம்பல். எடுத்தது, முன்பு அதனால் சொல்ல இயலாத ஒன்றைச் சொல்லுமாயின் அது படைப்பு. இவ்வளவுகோல் எல்லார்க்கும் பொது. 1992-இல் 'ரோஜா' ஒலிநாடா வெளிவந்தபோது, "இது வெறும் ஒலி, இசையன்று, கருவிகள் செய்யும் வித்தை" என்று ஏ.ஆர். ரகுமானைத் தள்ளியவர் பலர். ஒலியின் நிறத்தையே இசையின் பொருளாக்குவதும் ஒரு தனித்தன்மைதான் என்பதை அன்று அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. மறுபுறம், ரகுமானை ஏற்றவருள் சிலர், அதுவரை வந்தவை அனைத்தும் பழமை என்று ஒதுக்கினர். ஒருவரை ஏற்க மற்றொருவரைத் தள்ளவேண்டும் என்ற விதியை இசை வகுக்கவில்லை, அன்பர்களே வகுத்துக்கொண்டனர்.

மூன்றாவது, சுவை. ஓதுவார்கள் திருவாசகத்தை மோகன இராகத்தில் பாடுவது நெடுநாள் மரபு. அந்தப் பாட்டிலே உருகிப் பழகிய முதியவர் ஒருவருக்கு, புடாபெஸ்ட்டின் வயலின்கள் அந்நியமாகவே ஒலிக்கும். அவரைப் பார்த்து "உமக்கு இசை தெரியாது" என்று கூறுவது அறியாமை. அவர் செவிக்கு ஒரு வரலாறு உண்டு, அதை மதிக்கவேண்டும். அவ்வாறே, பேழையின் வழியாகவே முதன்முதலில் மாணிக்கவாசகரை அடைந்த இளைஞரைப் பார்த்து "இது திருவாசகமே அன்று" என்று கூறுவதும் கொடுமை.

ஆயினும் சுவை தீர்ப்பாகாது என்பதையும் சொல்லவேண்டும். "எனக்குப் பிடிக்கவில்லை" என்பதை எவராலும் மறுக்க இயலாது. அது சொல்பவரைப் பற்றிய செய்தி. "இது நன்றாக இல்லை" என்பதோ படைப்பைப் பற்றிய செய்தி. அதற்குக் காரணம் காட்டியாகவேண்டும். முதலாவதைச் சொல்ல நினைப்பவர் இரண்டாவதைச் சொல்லிவிடுகிறார். காரணம் கேட்டால் சினம் கொள்கிறார். பிடித்தும் சிறப்பில்லாத பாடல்கள் நம் ஒவ்வொருவரிடமும் உண்டு. சிறப்பென்று அறிந்தும் மனம் ஒட்டாத பாடல்களும் உண்டு. இவ்விரு வகையையும் ஒளியாது ஒப்புக்கொள்பவரே நல்ல இரசிகர்.

அவ்வாறாயின் திருவாசகப் பேழையைப் பற்றி நம் மதிப்பீடு யாது? ஏறத்தாழ இருபது நிமிடம் நீளும், சிவபுராண அடிகளைக் கொண்ட பகுதியே அதன் உயிர். தமிழ்க்குரல் தன் சிறுமையை உரைக்க, ஆங்கிலக் குழுக்குரல் அதை மொழிபெயர்க்காமல், தன் போக்கில் மறுமொழி தருகிறது. இரு மொழிகளும் ஒன்றையொன்று அணிசெய்யவில்லை. ஒரே ஏக்கத்தை இரு பக்கங்களிலிருந்து பகிர்ந்துகொள்கின்றன. இங்கே பல்லியம் பின்னணியாக நில்லாது, பாடுபவருக்கும் பாடப்படுபவருக்கும் இடையேயுள்ள தொலைவை உணர்த்துகிறது. கடன் வாங்கிய வடிவம் புதிய பொருளைச் சொல்லும் இடம் இதுவே. வேறு சில பகுதிகளிலோ தாளத்தின் துள்ளல் முந்துகிறது. செவி, திரைப்பாடலின் பழகிய பாதைக்குத் திரும்பிவிடுகிறது. சொல்லின் பொருளுக்குத் தங்க இடமில்லாது போகிறது. ஆறு பகுதிகளும் ஒரே கட்டடமாக எழவில்லை என்பது நம் கருத்து. உயர்ந்த ஒரு கோபுரமும், அதைச் சுற்றி அளவில் ஒவ்வாத சில மண்டபங்களும் என்றே அதனைக் கூறலாம். அந்தக் கோபுரத்துக்காகவே இப்பேழை நிலைபெறும்.

இப்படிச் சொல்வது ஒரு சாரார்க்குக் குறைவாகவும் மறுசாரார்க்கு மிகையாகவும் தோன்றலாம். ஆனால் இதனோடு வாதிட இயலும். பேழையைத் திரும்பக் கேட்டு, "இந்த இடத்தில் நீங்கள் சொல்வது பொருந்தவில்லை" என்று காட்ட இயலும். அதுவே விமரிசனத்தின் பயன்.

2025-ஆம் ஆண்டு மார்ச்சு 8-ஆம் நாள் இலண்டனில் இளையராஜாவின் 'வேலியன்ட்' சிம்பொனி அரங்கேறியபோதும் பழைய நாடகமே மீண்டும் நடந்தது. அரங்கில் அமர்ந்து கேட்டவர் சில ஆயிரம் பேரே. கைப்பேசியில் வந்த துணுக்குகளைக் கேட்டுத் தீர்ப்புரைத்தவர் எண்ணிலர். எத்தனை நாளில் எழுதினார் என்பதே பெரும் பேச்சாயிற்று. ஹேண்டல் 'மெசையா'வை 24 நாள்களில் எழுதினார். பிராம்ஸ் தம் முதல் சிம்பொனியை முடிக்க ஏறத்தாழ இருபது ஆண்டுகள் எடுத்துக்கொண்டார். இரண்டும் இன்றும் வாழ்கின்றன. நாட்கணக்கு வியப்புக்குரியதே, ஆனால் அது இசையின் அளவன்று.

இவ்வளவும் புகழ்பெற்றோரின் பேழைகளுக்கு மட்டும் உரியன என்று எண்ணவேண்டா. கிறிஸ்து பிறப்புக் காலந்தோறும், தவக்காலந்தோறும் நம் பங்குகளிலிருந்து எத்தனை பக்திப் பாடற்பேழைகள் வருகின்றன! வெளியீட்டு விழாவில் பொன்னாடை போர்த்தி, "காலத்தை வென்ற படைப்பு" என்கிறோம். திரும்பும் வழியில், "எல்லாம் சினிமா மெட்டு" என்கிறோம். முன்னது ஆரவாரம், பின்னது புறங்கூறல். இவ்விரண்டுக்கும் நடுவே, பாடலை முழுமையாகக் கேட்டு, "இவ்வடியில் மெட்டு சொல்லை நசுக்குகிறது, அந்த இடத்தில் குழுக்குரல் மன்றாட்டை உயர்த்துகிறது" என்று எழுதியவருக்கே நேரில் சொல்பவர் எத்தனை பேர்? அந்த ஒரு சொல்லுக்காகவே இளம் இசையமைப்பாளர் காத்திருக்கிறார். அது கிட்டாதபோது, பொன்னாடையை நம்பி வளராமல் நிற்கிறார். அல்லது புறங்கூறலைக் கேட்டு எழுதுவதையே விட்டுவிடுகிறார். இரண்டாலும் இழப்பு நமக்கே.

ஆகவே புதிய பேழை ஒன்று கைக்கு வரும்போது, அதைப் பற்றிய புகழையும் பழியையும் சிறிது நேரம் வாயிலில் நிறுத்திவைப்போம். ஒருமுறையன்று, மூன்றுமுறை கேட்போம். பிடித்ததா என்பதை நம்மிடமே கேட்டுக்கொள்வோம். நன்றா என்பதைப் படைப்பிடம் கேட்போம். விடை எதுவாயினும் காரணத்தோடு சொல்வோம். பிறருடைய உழைப்பைப் பற்றி உண்மை பேசுவது அவருக்கு நாம் செலுத்த வேண்டிய கடன். அக்கடனைச் செவி கொடுத்தே தீர்க்க இயலும்.