பிராங்கென்ஸ்டைன்: கொடுமை எங்கே பிறந்தது?

1931ஆம் ஆண்டில் வெளிவந்த ‘பிராங்கென்ஸ்டைன்’ என்னும் அமெரிக்கத் திரைப்படத்தில் ஒரு காட்சி வருகிறது. விஞ்ஞானியின் உதவியாளனாகிய கூனன் மருத்துவக் கல்லூரி ஒன்றில் மூளை திருடப் போகிறான். நல்ல மூளை இருந்த கண்ணாடிச் சாடி கைதவறி விழுந்து உடைந்துவிடுகிறது. குற்றவாளி ஒருவனின் மூளை இருந்த சாடியை எடுத்து வந்துவிடுகிறான். அதற்குப் பின் அந்த உருவம் கொலை செய்வதில் வியப்பென்ன? மூளை கெட்டது; செயலும் கெட்டது. கணக்கு எளிதில் முடிந்துவிட்டது.

மேரி ஷெல்லி எழுதிய மூல நாவலில் இந்தச் சாடியே கிடையாது.

நாவல் பிறந்த கதை சுவையானது. 1815இல், இன்றைய இந்தோனேசியாவிலுள்ள தம்போரா எரிமலை வெடித்தது. அது கக்கிய கந்தக வாயுவால் வானில் மெல்லிய திரை படர்ந்து வெயிலைத் தடுக்கவே, அடுத்த ஆண்டு ஐரோப்பாவில் கோடையே இல்லாமற் போயிற்று. 1816இல் ஜெனீவா ஏரிக்கரையில் தங்கியிருந்த கவிஞர் பைரனும் நண்பர்களும் மழையால் வீட்டுக்குள் அடைபட்டு, ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவது என்று முடிவு செய்தனர். அவர்களுள் ஒருவரான மேரிக்கு அப்போது வயது 18. உயிருக்கும் மின்சாரத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றி அந்நாளில் பெரும் பேச்சு நடந்து கொண்டிருந்தது. இறந்த தவளையின் கால் மின்சாரத்தால் துடிப்பதை இத்தாலியரான கால்வானி கண்டிருந்தார். அவருடைய சகோதரியின் மகன் ஆல்டினி, 1803இல் லண்டனில் தூக்கிலிடப்பட்ட ஒருவனின் உடலில் மின்சாரம் பாய்ச்சியபோது தாடை நடுங்கிற்று. ஒரு கண்ணும் திறந்தது.

1818இல் நூல் வெளிவந்தது. ஆனால் உயிரூட்டிய முறையைச் சொல்ல அதன் நாயகன் விக்டர் மறுத்துவிடுகிறான். மேரியின் கவனமெல்லாம் உயிர் வந்தபின் நடப்பதில்தான்.

இரண்டாண்டு உழைத்து எட்டடி உருவம் ஒன்றைச் செய்கிறான் விக்டர். அது கண் திறந்ததும் அருவருப்படைந்து அறையைவிட்டு ஓடுகிறான். படுக்கையருகே வந்து அது கை நீட்டும்போது மறுபடியும் ஓட்டம்! நாவலின் முதற் கொடுமை இதுதான். யாரும் யாரையும் அடிக்கவில்லை. உண்டாக்கியவன் விட்டுவிட்டுப் போனான், அவ்வளவே.

பெயர்கூட இல்லாத அந்தப் படைப்பு காட்டோரக் குடிசை ஒன்றையொட்டிய கொட்டிலில் ஒளிந்து வாழ்கிறது. சுவரிலுள்ள விரிசல் வழியே பார்த்தும் கேட்டும் மொழி கற்கிறது. அந்தக் குடும்பம் ஏழை என்று அறிந்ததும் அவர்கள் உணவைத் திருடுவதை நிறுத்தி, இரவில் விறகு கொண்டுவந்து வைக்கிறது. (பேசவும் படிக்கவும் கற்றபின் ‘அது’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை. இனி ‘அவன்’.) பார்வையற்ற முதியவர் தனித்திருக்கும் நேரம் பார்த்து உள்ளே போகிறான். அவர் அன்பாகவே பேசுகிறார். அதற்குள் மகன் பெலிக்ஸ் வந்துவிடுகிறான், தடியால் அடிக்கிறான். அவனைக் கிழித்தெறியும் வலிமை இருந்தும் கை ஓங்காமல் வெளியேறுகிறான் நம் பெயரற்றவன். நாவலில் நான் மிகவும் மதிக்கும் இடம் இது. பின்னர் ஆற்றில் விழுந்த சிறுமியைக் காப்பாற்றுகிறான். அதற்குக் கிடைத்த பரிசு துப்பாக்கிக் குண்டு. அதன் பிறகே முதற் கொலை.

அப்படியானால் அவன் குற்றமற்றவனா? அதுவும் இல்லை. விக்டரின் தம்பியான சிறுவன் வில்லியமைக் கொன்றுவிட்டு, அவன் கழுத்திலிருந்த சிறு ஓவியத்தை ஜஸ்டின் என்னும் பணிப்பெண்ணின் உடையில் வேண்டுமென்றே செருகி வைக்கிறான். அடிபட்டவன் அடிக்கக் கற்றுக்கொண்டுவிட்டான். தீங்கே செய்யாதவளின் மீது பழியைச் சுமத்தவும் கற்றுக்கொண்டான். மேரி இதை மறைக்கவில்லை. ஆனால் உண்மைக் கொலையாளி யார் என்று உணர்ந்தும், சொன்னால் பைத்தியம் என்பார்களே என்று வாய் திறவாமல் இருக்கிறான் விக்டர். ஜஸ்டினுக்கு மரண தண்டனை நிறைவேறுகிறது. அவனோ தன் வேதனை அவள் வேதனையிலும் பெரிது என்கிறான்! இருவர் செயலில் எது கொடியது என்று மாணவர்கள் தமக்குள் வாதிட்டுப் பார்க்கலாம்.

துணைக்கு ஒரு பெண்ணைச் செய்து தருவதாக வாக்களித்த விக்டர், அவ்வுருவத்தை அரைகுறையில் சிதைக்கும் இடத்தில் மட்டும் நான் அவனை முழுக்கக் குறைகூற மாட்டேன். அவர்களுக்குச் சந்ததி பெருகினால் மனித இனத்தின் கதி என்ன என்ற அச்சம் வீண் அச்சமன்று. முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை இரண்டாம் முறைதான் கேட்டான் என்பதே குறை. விளைவு, நண்பன் கிளெர்வலும் மனைவி எலிசபெத்தும் பலியாகிறார்கள்.

குறைகளும் உண்டு. சுவர் விரிசல் வழியே ஓராண்டுக்குள் ஒரு மொழியைக் கற்று, மில்டனின் காவியத்தைப் படித்து உணர்வதென்பது நம்பும்படியாக இல்லை. விக்டரின் புலம்பல்களும் நீளம். 1831இல் மேரி திருத்திய பதிப்பில் அவன் பழியை விதியின்மேல் இன்னும் அதிகமாகப் போடுகிறான். அதனால் அவன் பொறுப்பு சற்று மங்கிவிடுகிறது. ஆங்கிலத்தில் படிக்க விரும்புவோர் எந்தப் பதிப்பு என்று பார்த்து வாங்குவது நல்லது. 1818 பதிப்பே என் தேர்வு.